சும்மா நடத்தல்

'இயற்கைக்குச் சாதி கிடையாது' என்றொரு வாசகம் ரொம்ப காலமாகப் புழங்கிக்கொண்டிருக்கிறது. கவியரங்கங்களில் தவறாமல் கைதட்டல் வாங்கும் வாசகம். காற்றுக்குச் சாதி உண்டா, மழைக்குச் சாதி உண்டா, நிலாவுக்குத் தீட்டு உண்டா என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கேட்கிறவர்களுக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். கூட்டம் கலைந்ததும் அவரவர் தெருவுக்கு அவரவர் போய்விடுவார்கள். மரத்தைப் பொறுத்தவரை அந்த வாசகம் சரிதான். நாவல் மரம் யாரிடமும் ஊர் கேட்பதில்லை, தெரு கேட்பதில்லை. ஆனால் அந்த வாசகத்தைச் சொல்கிற மனிதர் அந்த மரத்தடிக்கு எந்த வழியாக வந்தார்? வருகிற வழியில் யாராவது அவரை நிறுத்தி 'எங்கடா போற?' என்று கேட்டார்களா? இதை அவர் சொல்வதில்லை. அவரை யாரும் கேட்டதில்லை என்பதால் அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்குத் தெரியாது.

காட்டையும் மலையையும் ஏரியையும் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவது அறவியல் சம்பந்தப்பட்ட காரியமா? அழகை அனுபவிப்பதில் சரி, தப்பு என்று ஏதாவது இருக்கிறதா? இந்தக் கேள்வி என்னிடம் தானாக வரவில்லை. எங்கள் வாசிப்பு வட்டத்து மாணவர்கள் பதினோரு பேரோடு, வனத்துறையில் அனுமதி வாங்கி, ஒரு தை மாசம் கொடைக்கானலுக்கு மேலே பேரிஜம் ஏரி வரைக்கும் நடந்துவிட்டு வந்தோம். அதைக் கேள்விப்பட்ட மூத்த தோழர் ஒருவர், 'சனங்க சோத்துக்கு அல்லாடுது, பஞ்சமி நிலத்துக்கு மனு எழுத ஆளில்ல. ஒங்களுக்கு ஏரி கேக்குதாக்கும்?' என்றார். கோபமாகத்தான் கேட்டார். கூடவே வருத்தமும் இருந்தது. அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நடப்பதைப் பற்றிப் பேசுவோம். எங்க ஊர்ல நம்ம ஆள் ஒருத்தர் காரணம் இல்லாமல் நடக்க முடியாது. துட்டி சொல்லப் போகலாம். மாடு தேடிப் போகலாம். மடை திறக்கப் போகலாம். கூலிக்குப் போகலாம், கூலி கேட்கவும் போகலாம், திட்டு வாங்கிக்கொண்டு திரும்பலாம். கையில் மண்வெட்டியோ தலையில் சுமையோ இருந்தால் ஊர்த்தெருவில் நடக்கிற உடம்பை யாரும் கண்டுகொள்வதில்லை. கையை வீசிக்கொண்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தால்தான் சிக்கல். 'என்னடா இந்தப் பக்கம்?' என்ற கேள்விக்கு 'சும்மாதான்' என்று பதில் சொல்லிவிட்டு முழு உடம்போடு திரும்பியவர்கள் என் தாத்தா தலைமுறையில் குறைவு. சும்மா வந்தேன் என்றால் களவாங்க வந்தாய் என்று அர்த்தம். பொண்ணு பாக்க வந்தாய் என்று அர்த்தம். வேலைதான் நமக்கான அனுமதிச்சீட்டு. வெள்ளைக்காரன் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிற்பாடு இந்தப் பக்கமும் வந்து, வேறு சில சாதிகளுக்கு ராத்திரியில் ஊரைவிட்டு நகர ராதாரிச் சீட்டு வேண்டும் என்றது. அந்தச் சட்டம் போய்விட்டது. நமக்கிருந்த சட்டத்தை யாரும் எழுதவே இல்லை. எழுதாத சட்டத்தை எந்தச் சட்டசபையில் ரத்து செய்வது?

ஆகவே தலித் உடல் நிலவெளியில் நடமாடுவதற்கு எப்போதும் ஒரு பயன் இருந்தாக வேண்டும் என்பது சாதியின் கட்டளை. பயனற்ற நடை, பயனற்ற பார்வை, பயனற்ற பொழுது இவையெல்லாம் உடைமையாளருக்கு உரியவை. நம்ம ஆட்கள் நிலத்தை அறியாதவர்கள் அல்ல. யாரைவிடவும் அறிந்தவர்கள். தென்மாவட்டக் கண்மாய்களில் நீர்க்கட்டிகளாக இருந்தவர்கள் பெரும்பாலும் யார்? எந்த மடையை எவ்வளவு திறந்தால் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் போய்ச் சேரும் என்று கணக்குப் போடத் தெரிந்த ஆளுக்கு, அதே ஊர்க் கிணற்றில் கைவைக்க உரிமை கிடையாது. தண்ணீரைப் பற்றிய அறிவு அவருடையது. தண்ணீர் அவருடையதல்ல. சாயங்காலம் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரைமணி நேரமும் அவருடையதல்ல.

தமிழ் இலக்கியம் படித்தவன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எம்.ஏ. வகுப்பில் குறிஞ்சித் திணையை அவ்வளவு உருகி நடத்துவார்கள். மலையும் மலை சார்ந்த இடமும், கூதிரும் முன்பனியும், யாமம், புணர்தல். உலகத்தில் வேறெந்த மொழியிலும் நிலத்தையும் மனதையும் இப்படிப் பிணைத்தவர்கள் இல்லை என்று ஆசிரியர் சொல்லுவார். நாங்களும் குறிப்பெடுத்துக்கொள்வோம். அதே தொல்காப்பிய அகத்திணையியலில், அடியோரும் வினைவலரும் ஐந்திணைக்குப் புறத்தே நிற்பவர்கள் என்று சொல்லும் இடம் வரும். அந்த இடத்தில் மட்டும் வகுப்பு வேகமாக நகரும். கைக்கிளையும் பெருந்திணையும்தான் அவர்களுக்கு. காரணம் என்ன? பிறருக்குக் குற்றேவல் செய்து பிழைப்பவர்களால் அறமும் பொருளும் இன்பமும் வழுவாமல் ஒழுகுவது அரிது என்று உரையாசிரியர் இளம்பூரணர் விளக்கம் தருகிறார். நேர்மையான விளக்கம்தான். ஒளித்துச் சொல்லவில்லை. பிறர் சொல்லுக்கு எழுந்து ஓட வேண்டிய ஆளுக்கு மலைச்சாரலில் காத்திருக்க ஏது பொழுது? ஆக, நிலத்தோடு மனம் பிணைவதற்கு முன்நிபந்தனை ஓய்வு. ஓய்வுக்கு முன்நிபந்தனை, வேறொருவர் உழைப்பு. குறிஞ்சி நிலத்தின் அழகான காட்சியிலிருந்து விறகு சுமந்தவரை விலக்கி வைத்த பிறகுதான் அது 'தூய' அகமாகிறது.

காலனியம் மலைக்கு வந்தபோது செய்த வேலையும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் சமவெளிக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியது 1845-இல். 1910-களில் மோட்டார் போகிற மலைச்சாலை வருகிற வரைக்கும், பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தாக ஏறும் ஒத்தையடிப் பாதைதான் வழி. துரைகளும் துரைசானிகளும் குதிரையில் ஏறினார்கள். இல்லையென்றால் டோலியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள், தூக்கிக்கொண்டு ஏற ஆட்கள் இருந்தார்கள். பெட்டி, கட்டில், புத்தகம், கண்ணாடிச் சாமான், குழந்தை எல்லாம் மனிதர் தோளில் ஏறித்தான் மேலே போயின. அந்தத் தடத்துக்கு இன்றைக்கும் 'கூலிகாட்' என்றுதான் பெயர். பெயரிலாவது கூலிக்காரர் மிஞ்சினார். மேலே போய்ச் சேர்ந்த பிறகு எழுதிய கடிதங்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் மூடுபனி வரும், பறவை வரும், கடவுளின் கைவேலை வரும். தூக்கிவந்தவருக்கு மூச்சு வாங்கியதற்கு அதே நீளத்தில் இடம் கிடைத்ததில்லை.

அதே காலத்தில்தான், 1862-இல், அமெரிக்காவில் தோரோ நடப்பதைப் பற்றி எழுதிய கட்டுரை அவர் இறந்த மறுமாதம் வெளிவந்தது. தினமும் குறைந்தது நாலு மணி நேரம் உலகக் காரியங்களை உதறிவிட்டுக் காட்டிலும் மேட்டிலும் நடக்காவிட்டால் தன் உடம்பும் உள்ளமும் தாங்காது என்கிறவர் அவர். அடிமை முறைக்கு எதிராக நின்றவர். வரி கட்ட மறுத்து ஒரு ராத்திரி சிறையில் இருந்தவர். அவரை நான் மதிக்கிறேன். ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: அதே வருஷத்தில் அந்த நாட்டின் தெற்கில், உரிமையாளரின் சீட்டு இல்லாமல் ஒரு கறுப்பு மனிதர் நாலு மணி நேரம் காட்டில் நடந்திருந்தால் அவருக்குப் பெயர் தத்துவவாதியா? ஓடிப்போன அடிமை என்று நாயை ஏவியிருப்பார்கள். ஒரே காடு, ஒரே நடை. ஒருத்தருக்குத் தியானம், மற்றவருக்குத் தலைமறைவு. எனவே 'காட்டில் நடத்தல்' என்று பொதுவாக ஒரு அனுபவம் இல்லை. நடக்கிறவர் யார் என்பது அனுபவத்துக்கு உள்ளேயே இருக்கிறது.

இவ்வளவையும் ஒத்துக்கொண்டால், தோழர் சொல்வதுதான் சரி, அந்த அழகு எதிரியின் அழகு, நமக்கு வேண்டாம் என்று முடித்துவிடலாம் இல்லையா? முடிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்ல அந்த நடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மோயர் முனைச் சோதனைச் சாவடியில் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். காலை ஏழு மணி. புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. சர்க்கரையைத் தூவின மாதிரி என்றாள் ஒரு பொண்ணு. உப்பளம் மாதிரி என்றான் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். அவனுக்கு அதுதானே தெரியும். வழிகாட்ட வந்தவர் பளியர் இனத்துப் பெரியவர். வனத்துறையில் தற்காலிகக் காவலர் வேலை. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். சோத்து மூட்டையைத் தூக்க அவர் கையை நீட்டினார். பையன்கள் விடவில்லை, முறை வைத்து மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டார்கள். 'சுமக்கத்தான என்னைய வெச்சிருக்காக' என்று சிரித்தார்.

சோலைக்காடு என்பது நாம் சினிமாவில் பார்க்கிற ஓங்கி உயர்ந்த காடு கிடையாது. மரங்கள் அவ்வளவு உயரமில்லை. முறுக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று தலை முட்டிக்கொண்டு நிற்கின்றன. கிளையெல்லாம் பாசி, பாசிமேல் செடி, செடிமேல் ஈரம். தளிர் சிவப்பாக இருக்கிறது. உள்ளே நுழைந்தால் பத்து மணிக்கும் சாயங்காலம்தான். மலை மடிப்புகளில் மட்டும் இந்தக் காடு, திறந்த சரிவெல்லாம் புல். உறைபனி விழுகிற சரிவில் சோலை மரத்தின் கன்று பிழைக்காது, அதனால் மரங்கள் மடிப்பில் ஒதுங்கி நிற்கின்றன என்பதும் ஒரு காரணம் என்கிறார்கள். (இதை வைத்து ஒரு உருவகம் செய்ய நண்பர்களுக்குக் கை பரபரக்கும். வேண்டாம். மரம் மரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.) புல்லும் சோலையும் சேர்ந்து மழையையும் பனியையும் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. பெரியகுளத்தில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீருக்கு மூலம் இங்கே இருக்கிறது.

வழியில் மதிகெட்டான் சோலை. உள்ளே போனவனுக்குத் திசை தெரியாமல் மதி கெட்டுப்போகும் என்று பெயர்க் காரணம் சொல்கிறார்கள். பெரியவரிடம் கேட்டோம். 'மதி கெட்டவன்லாம் கீழருந்து வந்தவுகதான். எங்காளுக யாரும் கெடல' என்றார். பெயரைக் கீழேயிருந்து போனவர்கள்தான் வைத்திருக்க வேண்டும். 'யாரும் நுழையாத காடு' என்று பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் இனி எனக்கு இவர் சிரித்தது நினைவுக்கு வரும். யாரும் என்றால் யார்?

சோலையைத் தாண்டினால் கிலோமீட்டர் கணக்கில் அன்னிய மரங்கள். பைன், யூகலிப்டஸ், வாட்டில். வாட்டிலை மலையில் சீகை மரம் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. எதற்காக இதைப் புல்வெளி முழுக்க நட்டார்கள் என்று மாணவர்களுக்குத் தெரியவில்லை. தோல் பதனிட. இதன் பட்டையில் துவர்ச்சத்து அதிகம். நம்ம பாட்டன்மார் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் செய்த வேலையை ஆலைகள் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்ததும் பட்டைக்கு ஒரு மலையே தேவைப்பட்டது. மலையில் புல்வெளியின் பெரும்பகுதி போனது இப்படியும் கூழ்மரத் தோட்டங்களாலும்தான். இந்த இடத்தில் ஒரு பையன் நின்றுவிட்டான். அவன் அப்பா திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். கை எப்போதும் துவர்க்கறையோடு இருக்குமாம், சோறு பிசையும்போது அம்மா பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வாளாம். 'அந்தக் கறை இந்த மரந்தானா தோழர்?' என்று கேட்டான். இந்த மரமாகவும் இருக்கலாம் என்றேன். பட்டையை நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் பின்தங்கி வந்தான்.

தோலைத் தொட்டதற்காகத் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட மக்களின் தொழில், ஒரு கட்டத்தில் முதலாளிகளின் தொழிலாகி, ஒரு மலையின் தாவரங்களையே மாற்றியிருக்கிறது. கீழே பாலாற்றங்கரையில் கழிவு ஓடி நிலத்தடி நீர் கெட்டு, வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. அந்த லாபம் எந்தத் தெருவுக்குப் போனது, அந்தக் கறை எந்தத் தெருவில் தங்கியது என்பதைக் காட்டுக்குள் நின்றும் பேசலாம், பேசவேண்டும். 'அமைதியாக இயற்கையை ரசியுங்கள், இங்கேயும் அரசியலா?' என்று யாராவது சொன்னால், இந்தச் சீகை மரத்தை இங்கே நட்டது அரசியல் இல்லாமல் வேறென்ன என்று கேட்பேன்.

ஏரிக்கு வந்து சேர மத்தியானம் ஆனது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், மூணு பக்கமும் காடு. தண்ணீர் கறுப்பாக, அசையாமல், வானத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு கிடந்தது. யாரும் பேசவில்லை. அப்படி ஒரு பேச்சற்ற நிலை எங்கள் வட்டத்தில் வருவது அபூர்வம். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர்தான் பேசினார்: 'இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம்? எங்க பாட்டன் காலத்துல இது சேறு. மாடு எறங்குனா ஏறாது.' சரிதான். பேரிஜம் இயற்கையான ஏரி கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பக்கம் சுற்றிய ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி, பழைய ஏரி ஒன்று வற்றிய சதுப்பாக இதைக் கண்டார். அவர் பெயரால்தான் இந்த இடத்தைக் கோட்டையே இல்லாமல் ஹாமில்டன் கோட்டை என்கிறார்கள். அப்புறம் கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். கொடைக்கானல் ஊருக்குள் இருக்கிற ஏரியும் 1863-இல் லெவிஞ்சு என்ற மதுரைக் கலெக்டர் உண்டாக்கியதுதான். 'லெவிஞ்சு வெட்டினார்' என்று எழுதுவார்கள். கலெக்டரா வெட்டினார்?

எங்கள் கூட வந்த ஒரு பொண்ணு, ஊர்ல குடிநீர்த் தொட்டிப் பிரச்சினையில் அவள் அம்மா போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்தவள், கரையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். 'குடிக்கலாமா அய்யா?' என்று கேட்டாள். 'நல்ல தண்ணி தாயி, குடி' என்றார். ரெண்டு கையாலும் அள்ளினாள். அள்ளியவள் குடிக்காமல் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை, நாங்கள்தான் இருந்தோம். அப்புறம் குடித்தாள். அந்தத் திரும்பிப் பார்த்தலை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவளுக்கு வயது இருபது. 2022 டிசம்பர் கடைசியில் வேங்கைவயலில் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தி வந்தபோது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தவள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 2025 சனவரியில், அந்தத் தண்ணீரைக் குடித்த தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டார்கள் என்பதையும் படித்தவள். திரும்பிப் பார்க்காமல் என்ன செய்வாள்?

தோழரின் கேள்விக்கு இப்போது வரலாம். சோறு முதலில், ஏரி அப்புறம் என்கிறார். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்த பாபாசாகேப் தாகத்துக்காகவா குடித்தார்? அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிக்காததால் நாம் யாரும் செத்துப்போய்விடவில்லை, நாமும் மற்றவர்களைப் போல மனிதர்கள்தான் என்று நிலைநாட்டவே போகிறோம் என்ற கருத்தை அதே வருஷ டிசம்பரில் அவரே சொன்னார். தேவை வேறு, உரிமை வேறு. தேவையின் கணக்கில் மட்டும் நம்மைப் பேசுவது ஆதிக்கசாதியின் மொழி. 'இவனுகளுக்குக் கஞ்சி ஊத்துனாப் போதும்' என்ற பண்ணையார் வாக்கியத்தைக் கொஞ்சம் மரியாதையாகத் திருப்பிச் சொன்னால் 'முதலில் சோறு' என்று வருகிறது. தோழர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வாக்கியத்துக்கு அது தெரியாதே.

அதற்காக ஏரி பார்க்கப் போனதை மகாத்துக்கு நிகராக வைக்கிற அபத்தத்தை நான் செய்யப் போவதில்லை. பேரிஜத்தில் எங்களை யாரும் தடுக்கவில்லை, கல்லெறியவில்லை. நாங்கள் போராடப் போகவில்லை. போராடாமல் ஒரு பகல் முழுக்க இருக்கத்தான் போனோம். நம்ம இயக்கங்களில் இருபது வயதுப் பிள்ளைகளிடம் நாம் எப்போதும் காயத்தைத்தான் கேட்கிறோம். சாட்சியம் சொல், வலியை எழுது என்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்குப் பாசி பிடிக்கலாம், பறவை பிடிக்கலாம், ஒன்றுமே செய்யாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கலாம் என்பது நம் வேலைத்திட்டத்தில் எங்கேயும் வருவதில்லை. அழகு என்ற சொல்லை முழுசாக எதிரியிடம் விட்டுக்கொடுத்துவிட்டு, அவமானம் என்ற சொல்லை மட்டும் நம்ம சொத்தாக வைத்துக்கொள்வது என்ன அரசியல்?

எனக்கு உண்மையில் தூக்கம் கெடுத்தது தோழரின் கேள்வி அல்ல. பெரியவர் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்ன ஒன்று. தேன் எடுக்க இப்பல்லாம் போறது எப்படி என்று கேட்டோம். 'ஒளிஞ்சு போறதுதான்' என்றார். 2013-இல் இது வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வன உரிமைச் சட்டம் 2006-இலேயே வந்துவிட்டது. சிறு வன விளைபொருள் சேகரிக்கும் உரிமையை அது சொல்கிறது. சரணாலயத்துக்குள்ளும் சொல்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு காரணமாகப் பட்டா வழங்குவது பல வருஷம் முடங்கிக் கிடந்து 2016-க்குப் பிறகுதான் நகர ஆரம்பித்தது. பல பளியர் குடும்பங்களுக்கு அது இன்னும் காகிதமாகக்கூட வந்து சேரவில்லை. ஆக, அந்தக் காட்டில் பிறந்தவர் அங்கே தற்காலிக ஊழியராக நடக்கலாம், உரிமையாளராக நடக்கக் கூடாது. கீழேயிருந்து போன எங்களிடம் கையெழுத்துப் போட்ட அனுமதித்தாள் இருக்கிறது. அவரிடம் அடையாள அட்டை இருக்கிறது, அதில் வேலைதான் எழுதியிருக்கிறது. வேலை இருந்தால் நடக்கலாம். இது நமக்கு நன்றாகத் தெரிந்த சட்டம் இல்லையா? ஊர்த்தெருவில் நமக்கிருந்த அதே சட்டம் மலைமேல் அவருக்கு இருக்கிறது.

ஒடுக்கப்பட்டவர் பெறும் இன்பம் தானாகவே குற்றமற்றதாக ஆகிவிடாது என்பது இதிலிருந்து வருகிறது. நம்ம கண்ணும் துரைகளின் கண்ணாக மாறலாம். பனியைப் பார்க்கும், ஏரியைப் பார்க்கும், வழிகாட்டியைப் பார்க்காது. அதனால் பார்க்கவே கூடாது என்பது தீர்வாகாது. கண்ணை மூடிக்கொண்டால் அவருக்குத் தேன் எடுக்கும் உரிமை வந்துவிடப் போவதில்லை. பார்க்கிற உரிமையைக் கேட்கிறவர்கள் அங்கேயே வாழ்கிறவரின் உரிமையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எங்கள் மாணவர்கள் இறங்கி வந்ததும் செய்த முதல் காரியம், அந்தக் குடியிருப்பில் எத்தனை குடும்பம் வன உரிமைக்கு மனு கொடுத்திருக்கிறது என்று விசாரித்ததுதான். தோழரே, உங்கள் மனு எழுதும் வேலைக்கு ஆள் இப்படியும் வரும்.

காடு காக்கிற நண்பர்களிடமும் ஒரு வார்த்தை. கூட்டம் வந்தால் காடு கெடும் என்கிறீர்கள். உண்மைதான். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத்தீயில் நடைப்பயணம் போன இருபது பேருக்கு மேல் கருகிச் செத்ததையும் பார்த்தோம். கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024-இல் அரசே நடைத்தடங்களைத் திறந்து, இணையத்தில் முன்பதிவு வைத்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக எடுத்திருப்பது நல்லதுதான். ஆனால் கட்டுப்பாடு என்பது கட்டணமாக மாறும்போது யார் வடிகட்டப்படுகிறார்கள்? பிளாஸ்டிக் போடுகிறவரா, பணம் இல்லாதவரா? இன்னொன்று. இதே மலையில் ஒரு வெப்பமானி ஆலை 2001 வரைக்கும் ஓடி, பாதரசக் கழிவைச் சோலை ஓரத்தில் விட்டது. அந்தப் பாம்பாற்றுச் சோலைத் தண்ணீர் கும்பக்கரைக்குத்தான் இறங்குகிறது. மிட்டாய்த் தாளுக்கு அபராதம் போடுகிற கண்டிப்பு அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் பாட்டி பெரியகுளத்துப் பக்கம் பிறந்தவள். அவளுடைய அப்பா மலைத்தோட்டத்துக்கு உப்பும் அரிசியும் தலைச்சுமையாக ஏற்றி, இறங்கும்போது மலைவாழைத்தார் கொண்டுவந்தவர். 'மேல எப்படி இருக்கும்னு சொல்லுவாரா?' என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். 'குளிரும்பாரு. வேறென்னத்தச் சொல்லுவாரு, குனிஞ்சே போய்க் குனிஞ்சே வந்த மனுசன்' என்றாள்.

வருகிற தை மாசம் மறுபடியும் போவதாக இருக்கிறோம். இந்தத் தடவை பதினெட்டு பேர். தோல் ஷாப்காரர் மகன் அவன் அப்பாவையும் கூட்டி வருகிறேன் என்கிறான், மூட்டுவலி இருக்கிறதாம், திரும்பி வருவதற்குப் போலவே போவதற்கும் ஜீப் கிடைக்குமா என்று வனத்துறையில் கேட்டிருக்கிறோம். மூத்த தோழரும் பேர் கொடுத்திருக்கிறார், திட்டிக்கொண்டேதான். குளிருக்குப் போட்டுக்கொள்ள ஆறு பேரிடம் ஒன்றும் இல்லை. பழைய ஸ்வெட்டரோ கம்பளியோ வைத்திருக்கிற நண்பர்கள் மார்கழி முடிவதற்குள் கொடுத்தால் நல்லது.